கொழுந்துக்குப் போன பிறகு யார் புரட்டுவது?

கேள்வி: இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இரண்டு டிவிசனிலும் (தோட்டப் பிரிவிலும்) சேர்த்து, வீட்டோடு முடங்கிய வயசாளிகள் 11 பேர். அதில் 4 பேர் எழும்பவே மாட்டார்கள். பராமரிப்பாளர் பயிற்சி முடித்த நாங்கள் நான்கு பெண்கள் காசு வாங்காமல் வீடு வீடாகப் போய்ப் பார்க்க நினைக்கிறோம். பிரஷர் மெஷினுக்கு நன்கொடை கேட்டிருக்கிறோம். வேறு என்ன வேண்டும்?

பதில்: தங்கச்சிமாரே, பிரஷர் மெஷின் பிறகு வரட்டும். அது கிளினிக்கில் இருக்கிறது. லயத்து வரிசை வீடுகளில் இல்லாதது, காலை ஏழரைக்கு எல்லோரும் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறிய பிறகு, எழும்ப முடியாத அம்மாயியைப் புரட்டிப் போட ஓர் ஆள். நீங்கள் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு வருவீர்கள், மிச்சம் 23 மணித்தியாலமும் வீட்டார் பாடு. அதனால் உங்கள் வேலையில் பாதி, பகலில் வீட்டில் நிற்பவருக்குக் கைப்பழக்கம் பண்ணிவிடுவதுதான். அது பக்கத்துக் காம்பராவில் (அறையில்) வேலையிலிருந்து நின்ற பாட்டியாக இருக்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளையை மட்டும் இதற்காக மறிக்க விடாதீர்கள்.

தனியாகப் போகாதீர்கள், இருவர் இருவராகப் போங்கள். ஒரு சோடி ஒரு காலையில் 3 வீடு பார்க்கலாம். இரண்டு சோடிக்கும் வாரம் 5 நாளில் 30 தடவை. படுக்கையில் இருக்கும் 4 பேருக்கு நாளும் போனால் 20, மற்ற 7 பேருக்கு வாரம் ஒருமுறை. மிஞ்சும் மூன்றை அவசரத்துக்கு வையுங்கள். அதையும் நிரப்பிவிட்டால் முதல் மழை வாரத்திலேயே கணக்குக் குழம்பும்.

முதலில் பார்க்க வேண்டியது, படுத்தே கிடப்பதால் எலும்பு அழுந்திப் படுக்கைப்புண் வரும் இடங்களை. வால் எலும்பு, இடுப்பு எலும்பு, குதிகால், கணுக்கால், காது. நம் நிறத்தில் சிவப்புத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ, சூடாகவோ, கல்லுப் போலவோ இருக்கிறதா என்று புறங்கையால் தடவிப் பாருங்கள். இருந்தால் புண் உள்ளே தொடங்கிவிட்டது. அந்த இடத்தில் தைலம் போட்டுத் தேய்க்கவே கூடாது, நசுங்கிய சதை இன்னும் கிழியும். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையும் வேண்டாம். விளிம்பு இரத்த ஓட்டத்தை நெரிக்கும்.

பகலில் 2 மணித்தியாலத்துக்கு ஒருதரம் புரட்ட வேண்டும். நல்ல ஸ்பொன்ஜ் மெத்தை இருந்து தோலும் நன்றாக இருந்தால் இரவில் 9, 1, 5 மணி போதும், எப்படியும் 5 மணிக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியும். முழுதாகக் கவிழ்க்கத் தேவையில்லை. தூரத்துக் காலை மடக்கி, தோளிலும் இடுப்பிலும் கை வைத்துத் தன் பக்கம் உருட்டி, முதுகுக்குப் பின்னால் மடித்த கம்பளியைச் செருகினால் பிட்டம் சற்றே சரிந்து நிற்கும். அவ்வளவு போதும். கெண்டைக்கால்களுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகால் இரண்டையும் அந்தரத்தில் விடுங்கள். பக்கத்துப் பாட்டியை உங்கள் முன்னால் மூன்று தரம் செய்ய வையுங்கள். சொல்லிக் கொடுத்ததோடு விட்டால் மறுநாள் நடக்காது.

உர பேக்கைத் தோலோடு விரிப்பது நம் லயங்களில் பெரிய பிழை. வியர்வை தேங்கித் தோல் ஊறிப்போகும். பேக் மெத்தைக்கு மேல், அதன் மேல் நாலாக மடித்த பருத்திச் சேலை, சுருக்கம் இல்லாமல் இழுத்துச் செருகியிருக்க வேண்டும். ஒரு சுருக்கம் போதும், தோலில் கோடு விழ.

உடம்பு துடைப்பது 10 மணிக்குப் பிறகு, வெயில் ஏறியதும். ஆண்களும் வெளியே போயிருப்பார்கள். ஒரே காம்பராவில் ஆறு பேர் இருக்கும் வீட்டில் கயிறு கட்டிச் சேலையைத் தொங்கவிடாமல் ஆடையை விலக்காதீர்கள். சுடுதண்ணிப் போத்தலைப் பக்கவாதம் வந்த பக்கம் வைக்கவே வேண்டாம், உணர்வில்லாத காலில் கொப்புளம் போட்ட பிறகுதான் தெரியவரும்.

சாப்பாடு நிமிர்த்தி உட்காரவைத்துத்தான், பிறகும் அரை மணித்தியாலம் சாய்க்கக் கூடாது. வாதக்காரருக்கு ரொட்டியைவிட வெறுந்தேத்தண்ணிதான் அதிகம் புரையேறும். இருமினால் வற்புறுத்தாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

மருந்து உறையில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதியிருந்தால் வாசிக்கத் தெரியாதவருக்கு அது வெறும் கடதாசி. மூன்று துணிப் பைகளில் உதிக்கும் சூரியன், உச்சிச் சூரியன், நிலா வரைந்து, கிளினிக் கொப்பியைப் பார்த்துப் பிரித்துப் போடுங்கள். பழைய மாத்திரைகளை வீட்டில் மிஞ்சவிடாதீர்கள். நீரிழிவுக்காரர் வியர்த்துக் குளறினால், விழித்திருந்தால், மூன்று தேக்கரண்டி சீனி கரைத்துக் கொடுங்கள். மயக்கமானால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

காசு விஷயத்தில் கை வைக்காதீர்கள். வங்கி அட்டை, கையொப்பம், எதுவும் உங்களிடம் இருக்கக் கூடாது. ஆனால் தாள்களைப் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதியை, அதாவது ஈ.பி.எப். காசை, பெண்கள் 50 வயதில், ஆண்கள் 55 வயதில் எடுக்கலாம். 5 வருடம் வேலை செய்த நாட்கூலிக்காரருக்கு, 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் பணிக்கொடை. தோட்டத்து வேலைப்பதிவேடான செக்ரோலில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் வேறு பெயரும் இருந்தால் அதிலேயே காசு நின்றுவிடும். கிராம சேவகரிடம் முதலில் கேட்க வேண்டியது, இரண்டு பெயரும் ஒருவரே என்ற கடிதத்தை. 60 கடந்தவருக்கு முதியோர் அடையாள அட்டைக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

வாய் கோணல், கை விழுதல், பேச்சுக் குளறல் என்றால் பக்கவாதமாக இருக்கலாம், நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணித்தியாலம்தான் அவகாசம். அம்புலன்ஸ் லயத்து வாசல் வரை வராது. ஆகவே எந்த வளைவில் நிற்கும் என்பதையும், இரண்டு சாக்குகளின் அடிமூலைகளை வெட்டி இரண்டு மூங்கில்களை நுழைத்துத் தூக்குவதையும் இந்த வாரமே ஒத்திகை பாருங்கள்.