பூட்டும் வரிசையைக் கணினி வகுக்குமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் கியர்பாக்ஸில் 20 உதிரிகள் உள்ளன. அவற்றைப் பொருத்திப் பூட்டும் எல்லா வரிசைகளையும் சோதித்துச் சிறந்ததைக் கணினியே சொல்லிவிடாதா?

பதில்: ஒவ்வொன்றாகப் பூட்டுவதாக வைத்துக்கொண்டாலே ஏறத்தாழ 24,000 கோடி கோடி வரிசைகள் வரும், அவற்றைச் சோதித்து மாளாது. ஆகவே மென்பொருள் முழுதும் பூட்டிய நிலையிலிருந்து தொடங்கி, எந்த உதிரியை எந்தத் திசையில் தடையின்றி வெளியே எடுக்கலாம் என்று கணக்கிட்டு, கழற்றும் வரிசையைத் தலைகீழாக்கித் தருகிறது. எந்தத் திசையில் எது எதைத் தடுக்கிறது என்பதை வரைபடமாக்கும் முறையை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் ராண்டல் வில்சனும் லத்தோம்பும் 1990களின் தொடக்கத்தில் வகுத்தார்கள். ரிவெட், பசை, அழுத்திப் பொருத்தும் கொக்கி ஆகியவற்றுக்கு இந்தத் தலைகீழ் விதி பொருந்தாது.

கேள்வி: கணினியில் வரைந்த வடிவமைப்புக் கோப்பு (CAD, கேட்) மட்டும் போதுமா?

பதில்: போதாது, பெரும்பாலான திட்டங்கள் இடறுவது இங்கேதான். கோப்பில் எல்லா உதிரிகளும் வளையாத திடப்பொருள்களாக இருப்பதால், ஷாஃப்ட்டில் இறுக்கமாக ஏறும் பேரிங்கையும் மரையின்றி வரைந்த போல்ட்டையும் மென்பொருள் மோதலாகக் கருதக்கூடும். சுருக்கியோ விரித்தோ மாட்ட வேண்டிய சர்க்லிப்புக்கு (உதிரி நழுவாமல் பிடிக்கும் வளையம்) வழியே இல்லை என்றும் சொல்லும். போல்ட் நுழைய இடமிருந்தும் ஸ்பேனரைத் திருப்ப இடமில்லாதபோது, அதைத் தனியே சொல்லிக்கொடுக்காத மென்பொருள் அந்த வரிசையை ஏற்றுக்கொள்ளும். சிலிண்டர் ஹெட் போல்ட்டுகளை எந்த ஒழுங்கில், எத்தனை கட்டமாக முறுக்குவது என்பதும், வயர்களும் ஹோஸ்களும் எப்படி வளைந்து செல்லும் என்பதும் வடிவத்திலிருந்து மட்டும் கிடைப்பவை அல்ல. இவற்றை முதலில் எழுதிக் கொடுங்கள். மென்பொருள் வாங்குவதைப் பிறகு பார்க்கலாம்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு உதவுமா?

பதில்: சரியான வரிசைக்கான தேடலைச் சுருக்க உதவும். எம்.ஐ.டி., ஆட்டோடெஸ்க் ஆய்வாளர்கள் பங்கேற்று 2023-இல் வெளியிட்ட ஆசாப் (ASAP) என்ற வரிசை வகுக்கும் முறை, பாதி பூட்டிய நிலை ஈர்ப்புவிசையால் சரியாமல் நிற்குமா என்பதையும் சோதிக்கிறது.

கேள்வி: மூத்த ஃபிட்டரின் அனுபவத்தை எப்படிச் சேர்ப்பது?

பதில்: ஆய்வாளர்கள் டி ஃபாசியோவும் விட்னியும் 1987-இல் காட்டிய வழி இன்றும் சிறந்தது என்பது என் கருத்து. ஒவ்வோர் இணைப்புக்கும் இரண்டே கேள்விகளைக் கேளுங்கள்: இதற்கு முன் எவை முடிந்திருக்க வேண்டும்? எவற்றை இதற்குப் பிறகே செய்ய வேண்டும்? விடையோடு காரணத்தையும் பதிவு செய்யுங்கள். வடிவமைப்பு மாறும்போது எந்த நிபந்தனை தேவையற்றுப் போயிற்று என்பதை அந்தக் காரணத்தைக் கொண்டுதான் கண்டுபிடிக்க முடியும்.