கனடா எப்பவுமே வெளியாக்களை வரவேற்ற நாடுதானோ?

இல்லை. எங்கடை சனம் நிறைஞ்ச ரொறன்ரோ ஸ்கார்பரோவில நிண்டு பார்த்தா அப்பிடித்தான் தெரியும், எனக்கும் கனகாலம் அந்த நினைப்புத்தான்.

பழைய சட்டங்களில ஒரு கெட்டித்தனம் இருக்கு, இனத்தின்ரை பேரைச் சொல்லாமலே ஆளை மறிக்கிறது. 1908ல "சொந்த நாட்டில இருந்து எங்கையும் இடையில நிக்காம நேர வரவேணும்" எண்டு விதி போட்டாங்கள், வாசிக்க ஒண்டும் பிழையாத் தெரியாது, ஆனா இந்தியாவில இருந்து வன்கூவருக்கு நேர வாறது அந்தக் காலத்தில லேசுப்பட்ட காரியமே, அதோட ஆசியாக்காரர் எண்டா கையில 200 டொலரும் காட்டவேணும். 1914ல கோமகாட்டா மாரு கப்பல் ஹொங்கொங்கில இருந்து வெளிக்கிட்டு 376 இந்தியரோட வன்கூவருக்கு வந்து, ரெண்டு மாசம் கடலில கிடந்து, கொஞ்சப் பேரைத் தவிர மிச்ச ஆக்களோட அப்பிடியே திரும்பினது. சீனருக்கெண்டா ஒளிப்புமறைப்பே இல்லை, 1885ல உள்ள வர ஆளுக்கு 50 டொலர் தலைவரி, 1903ல அது 500, 1923ல கிட்டத்தட்ட வாசலையே பூட்டியாச்சு, 1947 வரைக்கும்.

எங்கடை கணக்கைக் கேட்டா சிரிப்பியள். 1951 ஒப்பந்தப்படி வருசத்துக்கு இந்தியாவுக்கு 150 பேர், பாகிஸ்தானுக்கு 100, சிலோனுக்கு 50. அம்பதே அம்பது! இப்ப ஒரு சாமத்தியவீட்டு ஹோலில அதைவிடப் பத்து மடங்கு சனம் நிக்கும்.

1962ல இனம் பார்க்கிறதை எடுத்து, 1967ல படிப்பு, வயசு, பாஷை, வேலை எண்டு பார்த்துப் புள்ளி போடுற பொயின்ற்ஸ் முறை வந்தது. இப்ப கனடா வர விண்ணப்பிக்கிற எல்லாரும் மண்டையை உடைக்கிற எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறை அதின்ரை பேரப்பிள்ளைதான்.

ஆனா எங்கடை சனம் கனபேர் வந்தது பொயின்ற்ஸில இல்லை, அகதியா. 1976 குடிவரவுச் சட்டத்தில அதுக்கு இடம் இருந்தது, எண்டாலும் முடிவெடுக்கிறவர் ஆளின்ரை முகத்தைப் பார்க்காமலே பேப்பரை வாசிச்சு இல்லையெண்டு எழுதலாம். 1985ல 'சிங்' வழக்கிலதான் உச்ச நீதிமன்றம், அது சரிவராது, ஆளை நேர கூப்பிட்டுக் கேக்கவேணும் எண்டுது. அடுத்த வருசமே நியூபவுண்ட்லாந்துக் கடலில ரெண்டு படகில 155 தமிழர், மீன்பிடிக்கிற ஆக்கள்தான் காப்பாத்தினவை. பிறகு 2010ல சன் சீ கப்பலில 492 பேர் வர, 2012ல அகதிச் சட்டத்தைத் திரும்ப இறுக்கினாங்கள்.

அப்பா 90ல அகதி விசாரணைக்கு, அதுதான் ஹியரிங்குக்கு, இரவல் கோட்டோட போனவர், ரெண்டு மணித்தியாலம் கேள்வி, அதை இப்பவும் சொல்லித் திட்டுவார். அந்தக் கேள்வியே ஆரோ வழக்குப் போட்டு வாங்கித் தந்ததெண்டு போன மாசம் சொன்னன். "அப்ப அவங்களாலதானோ எனக்கு அண்டைக்கு அவ்வளவு வேர்த்தது" எண்டார்.