கர்நாடக வயலின் என்று தனியாக ஒன்று உண்டா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் இருக்கிறோம். என் மகளுக்கு 11 வயது. சர்ச் பாடகர் குழுவுக்காக மூன்று வருடமாக வயலின் படிக்கிறாள். இப்போது கர்நாடக சங்கீதமும் படிக்க ஆசைப்படுகிறாள். புதிய வாத்தியார், "இது வெஸ்டர்ன் வயலின், இதில் கமகம் (சுரத்தை அசைத்து இழைப்பது) பேசாது. தெரிந்தவரிடம் பழைய ஜெர்மன் வயலின் இருக்கிறது, 38,000 ரூபாய்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் அம்மா. வெஸ்டர்ன் வயலின், கர்நாடக வயலின் என்பதெல்லாம் பேச்சு வழக்கு. மரம் ஒன்று, கம்பி நான்கு, வில் ஒன்று. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்ததும் வெள்ளைக்காரரின் இதே பிடிலைத்தான். மாறியது உட்காரும் விதமும் சுருதியும். சர்ச்சில் நின்றுகொண்டு தாடையில் இடுக்கி வாசிப்பாள். இங்கே சம்மணம் போட்டு, வயலின் தலையிலுள்ள சுருளை வலது பாதத்தில் ஊன்றுவாள். கமகம் பேசுவது விரலில். வயலினுக்கு அதில் பங்கு குறைவு.

சுருதியைப் பாருங்கள். இப்போது அவளுடைய கம்பிகள் தடித்ததிலிருந்து ஜி, டி, ஏ, இ. நமக்கு வேண்டியது ச, ப, ச, ப. ஐந்து கட்டையில், அதாவது ஜி-யை ச-வாக, வைக்கச் சொன்னால் முதல் இரண்டையும் தொடவே வேண்டாம். ஏ-யை ஜி-க்கும், இ-யை டி-க்கும் இறக்கினால் போதும். சர்ச் கீபோர்டை வைத்தே சேர்த்துவிடலாம். மெல்லிய கம்பி கொஞ்சம் தொய்யும். அது மட்டும் பிடிக்கவில்லை என்றால் சற்றுத் தடித்த கம்பி ஒன்று மாற்றுங்கள். செலவு அவ்வளவுதான்.

ஒரே ஒரு சிக்கல், இரண்டையும் ஒரே வயலினில் தொடர்வது. வாரம் முழுக்கச் சரளி வரிசை, ஞாயிறு சர்ச்சில் கீர்த்தனை என்றால் பிருடையை (கம்பியை முறுக்கும் முளை)த் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். ஆராதனைக்குப் பத்து நிமிடம் முன்பு ஏற்றாதீர்கள். கம்பி நிலைக்காது, நடுவில் இறங்கிவிடும். சனி இரவே மெதுவாக ஏற்றுங்கள். ஏற்றும் ஒவ்வொரு முறையும் கம்பிகளைத் தாங்கும் குதிரை விரல்பலகைப் பக்கமாகச் சாயும். வால்பக்க முகம் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்து, இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்துங்கள். அது விழுந்தால், உள்ளே ஒட்டாமல் நிற்கும் சின்னக் குச்சியும் சாய்ந்துவிடலாம். குச்சி இல்லாமல் கம்பியை இறுக்கினால் மேல்பலகை விரிசல் விடலாம். ஆறு மாதம் கழிந்தும் இரண்டையும் விடாமல் வாசித்தால், அப்போது மலிவாக இன்னொன்று வாங்கலாம். இப்போது அல்ல.

அந்த "தெரிந்தவர்" விஷயத்துக்கு வருகிறேன். மேல்பலகையில் உள்ள எஃப் வடிவத் துளை வழியாக உள்ளே பார்த்தால் 'ஸ்ட்ராடிவாரியஸ், கிரெமோனா' என்று பழுத்த தாள் ஒட்டியிருக்கும். கிரெமோனாவில் வயலின் செய்த புகழ்பெற்ற ஸ்ட்ராடிவாரி 1737-லேயே இறந்துவிட்டார். அந்தத் தாளை 19-ம் நூற்றாண்டிலிருந்து தொழிற்சாலைகள் லட்சக்கணக்கில் அச்சடித்து ஒட்டியிருக்கின்றன. தாளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். விலையில் எவ்வளவு வாத்தியாருக்குப் போகிறது என்று நான் சொல்லவில்லை, நீங்களே கேளுங்கள். பில் தருவாரா என்றும் கேளுங்கள், முகம் மாறும். அவர் விற்பது முழு அளவாக இருந்தால் இன்னும் மோசம். பிள்ளைக்குக் கை எட்டாமல் போகலாம், தோள் வலிக்கலாம்.

பிருடை நம் மழைக்காலத்தில் ஊறி இறுகும், வெயிலில் நழுவும். இதை வைத்தே "வயலின் போச்சு" என்று பயமுறுத்துவார்கள். நழுவினால் சாக்பீஸ் தூள் கொஞ்சம் போதும். வயலினின் ஓர ஒட்டு விட்டுப்போனால் பக்கத்துத் தச்சரிடம் ஃபெவிகால் போடக் கொடுக்காதீர்கள். வயலினை வச்சிரத்தால் (மிருகத் தோல் பசை) ஒட்டுவதே பிறகு பிரிக்க முடியும் என்பதற்காகத்தான். சரியான ஆள் வேண்டுமென்றால் நவராத்திரிக்குப் பத்மநாபபுரம் சரஸ்வதி சிலை ஊர்வலமாகப் போகிற வழியே திருவனந்தபுரம் போக வேண்டியிருக்கிறது. இத்தனை பிள்ளைகள் படிக்கிற மாவட்டத்தில் இது வெட்கக்கேடு. தேர்வில் எத்தனையாவது கிரேடு என்று கேட்க மட்டும் ஊரே இருக்கிறது. ஒரு பாட்டு வாசி, கேட்போம் என்று சொல்ல ஆளில்லை.

அப்புறம், விரல் வழுக்கத் தேங்காய் எண்ணெய் தொடச் சொன்னால் தொடட்டும். அந்தக் கையால் வில்லின் முடியை மட்டும் தொட விடாதீர்கள். முடியில் எண்ணெய் பட்டால் ரோசின் (வில்லில் தேய்க்கும் பிசின்) பிடிக்காது, வில் சத்தமில்லாமல் வழுக்கும். அதற்கும் புது வயலின்தான் வாங்கச் சொல்வார்கள்.