சரக்கைப் பார்த்துக் கோடு போடுங்கள்

கே: ஏற்றுமதிச் சரக்கின் ஹெச்.எஸ். கோடு (கஸ்டம்ஸ் வகை எண்) அமெரிக்காவில் வாங்குபவர் 10 இலக்கத்தில் கேட்கிறார். எங்கள் இன்வாய்ஸில் 8தான் இருக்கிறது. எது சரி? (அம்பத்தூர்)

ப: இரண்டும் சரி. முதல் 6 இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது, மீதி அந்தந்த நாட்டின் கணக்கு. ஷிப்பிங் பில்லில் (நாம் கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் ஏற்றுமதி விவரம்) நம் 8 இலக்கம்தான். முதல் 6 ஒத்துப்போகாவிட்டால் புக்கிங்கை நிறுத்திவிட்டு அவரிடம் பேசுங்கள்.

கே: சட்டைக்கு என்ன கோடு? (ஊர் எழுதவில்லை)

ப: பின்னலா, நெசவா? ஆணுக்கா, பெண்ணுக்கா? பருத்தியா, பாலியஸ்டரா? எதையும் எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? பின்னல் 61ஆம் அத்தியாயம், நெசவு 62. பருத்தி பின்னல் டி-ஷர்ட் என்றால் 6109 10. துணியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கே: எவர்சில்வர் பாத்திரம் சிகாகோ கிடங்கு வரை போக வேண்டும். 'ஃபிரைட் கிளாஸ்' கேட்ட இடத்தில் 7323 போட்டேன். திருப்பிவிட்டார்கள். (குரோம்பேட்டை)

ப: 7323 கஸ்டம்ஸுக்கு. அவர்கள் கேட்டது அமெரிக்க உள்நாட்டு லாரி வகுப்பு. 50 முதல் 500 வரை 18 வகுப்புகள் உண்டு. இப்போது பல பொருட்களுக்கு அடர்த்தியை வைத்தே வகுப்பு: எடையைப் பவுண்டில் எடுத்து, கன அடியால் வகுக்க வேண்டும். ஒரு கன மீட்டர் சுமார் 35 கன அடி. சரக்கை அடுக்கும் பேலட் பலகையையும் சேர்த்து அளக்க மறக்காதீர்கள். பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் அடர்த்தி கூடும், வகுப்பு இறங்கும், கட்டணமும் குறையும்.

கே: லெதர் கைப்பைக்கு நண்பரின் பழைய பில்லில் இருந்த 4202 22ஐயே போட்டேன். கஸ்டம்ஸில் நிறுத்திவிட்டார்கள். இரண்டும் கைப்பைதானே ஐயா? (பெரியமேடு)

ப: இல்லை. வெளிப்புறம் பிளாஸ்டிக் ஷீட்டோ துணியோ என்றால்தான் 22. தோல் என்றால் 21. நண்பர் அனுப்பியது ரெக்சின் பையாக இருந்திருக்கும். அதை அவரிடம் கேட்டீர்களா?

இந்தப் பகுதியில் எத்தனை முறைதான் எழுதுவது! பில்லைப் பார்த்துக் கோடு போடாதீர்கள், சரக்கைப் பார்த்துப் போடுங்கள். நானும் ஒரு முறை வாடிக்கையாளர் கொடுத்த பழைய ஃபைலை நம்பி, சாம்பிள் கேட்காமல் தாக்கல் செய்தேன். பெட்டி ஒரு வாரம் நின்றது, கப்பல் போய்விட்டது, அந்த ஆர்டரே அவர் கையை விட்டுப் போனது. இன்றும் அதை நினைத்தால் எனக்கு வருத்தம்தான். அதிலிருந்து சாம்பிள் வராமல் கையெழுத்துப் போடுவதில்லை. டிராபேக், ரோட்டெப் என்று ஏற்றுமதியாளருக்குத் திரும்பக் கிடைக்கும் வரித் தொகைகள் எல்லாம் இந்த எண்ணைப் பார்த்தே கணக்காகின்றன. அதனால் கோடு மாறினால் அதிகாரிக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். தெரிந்தே தவறான விவரம் கொடுத்ததாக முடிவானால், கஸ்டம்ஸ் சட்டம் 114ஏஏ பிரிவில் சரக்கு மதிப்பைப் போல 5 மடங்கு வரை அபராதம் விழலாம். உங்களுடையது கவனக்குறைவுதான். திருத்தம் கேட்டு உடனே எழுதிக் கொடுங்கள், சாம்பிளையும் எடுத்துப் போங்கள்.

கே: அப்பளம்? (தாம்பரம்)

ப: 1905 90 40.

கே: ஊதுபத்தி, கற்பூரம், குங்குமம் மூன்றையும் எல்.சி.எல்.லில் (பலர் சரக்கைச் சேர்த்து ஒரே பெட்டியில்) சிங்கப்பூருக்கு அனுப்புகிறேன். 'பூஜைப் பொருட்கள்' என்று ஒரே கோடு போதுமா? (மயிலாப்பூர்)

ப: போதாது, அப்படி ஒரு தலைப்பே கிடையாது. மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். ஊதுபத்தி 3307 41. என் கவலை கற்பூரம்தான். அது எளிதில் தீப்பற்றும் திடப்பொருள்: ஆபத்துச் சரக்குப் பட்டியலில் 4.1 வகுப்பு, அதன் அடையாள எண் யு.என். 2717. இந்த ஆபத்தை ஹெச்.எஸ். கோடு சொல்லாது. புக்கிங் போடும்போதே யு.என். எண்ணைச் சொல்லி, கப்பல் கம்பெனி ஒப்புக்கொண்ட பிறகு பேக் செய்யுங்கள். அதே பெட்டியில் வேறு நாலு பேர் சரக்கும் போகிறது.