பந்தல் மூங்கிலைத் துளைக்கும் கருவண்டுக்கு என்ன மருந்து?

கேள்வி: மொட்டை மாடியில் மூங்கில் பந்தல் போட்டு பீர்க்கு, சுரை, பரங்கி ஏற்றியிருக்கிறேன். தொட்டிகளில் முள்ளுக் கத்தரி இருக்கிறது. ஒரு மாதமாகப் பெரிய கருவண்டுகள் மூங்கிலில் ஓட்டை போடுகின்றன, தூள் கொட்டிக்கொண்டே இருக்கிறது. பேரப்பிள்ளைகள் மாடிக்கு வரவே பயப்படுகிறார்கள். பிஞ்சும் நிற்பதில்லை, இரண்டு நாளில் மஞ்சளாகி விழுந்துவிடுகிறது. மருந்துக் கடைக்காரர் வண்டுக்கு இமிடாகுளோபிரிட், பிஞ்சுக்கு ஹார்மோன் டானிக் என்று இரண்டு பாட்டில் கொடுத்தார். சாயங்காலம் அடித்தால் தேனீக்கு ஒன்றும் ஆகாதாம். இன்னும் திறக்கவில்லை. வண்டை ஒழித்துவிட்டு ஒரு தேனீப் பெட்டி வாங்கி வைக்கலாமா?
- ஒரு வாசகி, சத்துவாச்சாரி, வேலூர்

பதில்: அம்மா, பாட்டிலைத் திறக்காமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் கருவண்டு என்று எழுதியிருப்பது வண்டு இல்லை, தேனீ. தச்சுத் தேனீ என்பார்கள். காய்ந்த மூங்கிலையும் பட்ட மரத்தையும் குடைந்து கூடு கட்டும். மரத்தைத் தின்னாது, அதனால்தான் தூள் அப்படியே கீழே கொட்டுகிறது. உள்ளே மகரந்தத்தை உருண்டை பிடித்து வைத்து, அதன்மேல் முட்டையிட்டு, அறை அறையாகத் தடுத்துக்கொண்டே வரும். முகத்துக்கு நேரே வந்து அந்தரத்தில் நின்று மிரட்டுவது பெரும்பாலும் ஆண். அதற்குக் கொடுக்கே கிடையாது. பெண்ணுக்கு உண்டு, ஆனால் கையில் பிடித்து நசுக்கினால்தான் கொட்டும். பேரப்பிள்ளைகளிடம் இதைச் சொல்லி, சற்றுத் தள்ளி உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பந்தலைக் காப்பாற்றும் வழி எளிது. புதிதாகப் போடும் மூங்கிலுக்கு பெயிண்ட் அடித்து, வெட்டு முனைகளை அடைத்துவிடுங்கள். பாரம் தாங்கும் நான்கு கால்களை மட்டும் இரும்புக் குழாயாக மாற்றினாலும் போதும். ஏற்கெனவே ஓட்டை விழுந்த கழிகளை அடைக்க வேண்டாம், உள்ளே குஞ்சு இருக்கும். அவற்றைக் கழற்றி மழை படாத ஓரமாகப் படுக்கை வாட்டில் கட்டி வைத்தால் அங்கேயே குடியிருக்கும்.

இனி, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பிஞ்சு விழுவதற்கும் இந்தத் தேனீக்கும் என்ன தொடர்பு? மகரந்தம் சரியாகச் சேராத பிஞ்சு நிற்காது, அதைச் சேர்ப்பது தேனீ. உங்கள் கத்தரிப் பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். மகரந்தப்பை நுனியில் ஊசித்துளை மாதிரி வாய்தான் இருக்கும். பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கும் தேனீ வந்தால்தான் அதிலிருந்து மகரந்தம் நன்றாகக் கொட்டும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. தச்சுத் தேனீக்குத் தெரியும். வயிற்றில் நீலப் பட்டை போட்ட சின்னத் தேனீ ஒன்று நம் ஊரில் உண்டு, அதற்கும் தெரியும். ஆவாரம்பூவிலும் இதே கதைதான். உங்கள் வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு வந்தபோது எல்லோரும் மண்ணையும் விதையையும் பாராட்டினோம், பூவை உலுக்கும் தேனீயை யாரும் நினைக்கவில்லை. முருங்கைக்கும் எருக்குக்கும் தச்சுத் தேனீ முக்கியமான விருந்தாளி.

இப்போது கடைக்காரர் சொன்னதற்கு வருகிறேன். இதில் எனக்குக் கோபம் உண்டு. 'சாயங்காலம் அடித்தால் தேனீக்கு ஒன்றும் ஆகாது' என்பதை எல்லாக் கடையிலும் மந்திரம் போலச் சொல்கிறார்கள். உங்கள் பந்தலில் பீர்க்கும் சுரையும் எப்போது பூக்கின்றன? சாயங்காலம்தான்! சுரையின் வெள்ளைப் பூவுக்கு அந்திப் பூச்சிகள் வருவது அந்த நேரத்தில். அப்போது மருந்து அடிப்பது விருந்து வைத்த இலையில் விஷம் தெளிப்பது. அப்புறம், இமிடாகுளோபிரிட் இலைமேல் மட்டும் நிற்கிற மருந்து இல்லை. செடிக்குள் ஊடுருவி மகரந்தத்துக்கும் தேனுக்கும் போகும். காலையில் அடித்தால் என்ன, ராத்திரியில் அடித்தால் என்ன? ஐரோப்பிய ஒன்றியம் இதையும் இதன் வகையைச் சேர்ந்த இன்னும் இரண்டையும் தேனீக்களுக்காகவே 2018இல் திறந்தவெளிப் பயிர்களில் தடை செய்தது. மொட்டை மாடியில் பத்துத் தொட்டி வைத்திருக்கும் வீட்டுக்கு இதை விற்பது அநியாயம். சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வந்தால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், வேப்பெண்ணெய்க் கரைசலைப் பூ இல்லாத கொழுந்தில் மட்டும் தெளியுங்கள்.

டானிக் பற்றி ஒரு வரி: கொடிக்காய்களில் பெண்பூவைக் கூட்ட எத்ரல் என்ற ஹார்மோன் மருந்து அடிப்பது இரண்டு, நான்கு இலைப் பருவத்தில். மகரந்தம் படாத பூவுக்கு அது பதிலாகாது.

தேனீப் பெட்டியும் இப்போது வேண்டாம். வேலூர் மே மாத வெயிலில், நிழலில்லாத மாடியில், தீனி போதாத பெட்டித் தேனீ கூண்டோடு ஓடிவிடும். அந்தப் பணத்துக்குத் துளசியும் சங்குப்பூவும் வையுங்கள், துளசியைப் பூக்க விடுங்கள். ஒரு தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வையுங்கள். கீழே வாசலில் சிமெண்டு போடாத இடம் இரண்டடி இருந்தாலும் அதைக் கொத்தாமல் விட்டுவிடுங்கள். நான் சொன்ன நீலப் பட்டைத் தேனீ மண்ணில்தான் வளை தோண்டும். தெருவெல்லாம் சிமெண்டு பூசிவிட்டு, பூச்சி வரவில்லை என்று வருத்தப்படுகிறோம்.

தேனீ பெருகும்வரை கையால் மகரந்தம் சேருங்கள். ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண்பூவின் நடுவில் தடவினால் சரி. பரங்கிக்கு விடிந்ததும், பீர்க்குக்கும் சுரைக்கும் பொழுது சாயும்போது.

விழுந்த பிஞ்சில் நாலைந்தை நறுக்கிப் பாருங்கள். உள்ளே புழு நெளிந்தால் அது பழ ஈயின் வேலை, அதற்கு வேறு வைத்தியம். பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.