வரைபடத்தின் மேல் பழி போடாதீர்கள்

கேள்வி: கடல் இல்லாத நாடு, பாலைவன நாடு எல்லாம் ஏழையாகவே கிடப்பதற்கு அந்த மண்தான் காரணம். ஆட்சியாளர்களைக் குறை சொல்லி என்ன பயன்?
– கல்லூரி மாணவர், கரூர்

பதில்: முதல் வரியில் பாதி நியாயம் இருக்கிறது. கடல் இல்லாத நாட்டின் சரக்கு, அடுத்த நாட்டு ரயிலில் ஏறி அடுத்த நாட்டுத் துறைமுகத்துக்குப் போக வேண்டும். அந்த நாடு முறைத்துக்கொண்டால் வியாபாரம் படுத்துவிடும். ஆனால் உங்கள் இரண்டாவது வரி ஆபத்தானது. கஜானாவைச் சுரண்டுகிற ஒவ்வொருவனும் சொல்ல ஆசைப்படுகிற வரி அது.

ஆப்பிரிக்காவின் தெற்கே இருக்கிற போட்ஸ்வானாவைப் பாருங்கள். 1966-இல் விடுதலை பெற்றபோது உலகின் பரம ஏழை நாடுகளில் ஒன்று. கடல் கிடையாது. பெரும்பகுதி கலஹாரி பாலைவன மணல். நாடு முழுவதற்கும் தார் ரோடு சுமார் 12 கிலோமீட்டர். பிரிட்டிஷார் அதை ஆண்ட தலைநகரம்கூட எல்லைக்கு வெளியே, தென்னாப்பிரிக்காவின் மாஃபெகிங்கில் இருந்தது. சுற்றிலும் நிறவெறி ஆட்சிகள்.

வைரம் கிடைத்ததே என்பீர்கள். கிடைத்தது, 1967-இல், ஒராபாவில். மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்கு 1930-லேயே கிடைத்துவிட்டது. அந்த நாட்டுக்குக் கடலும் உண்டு. அதன் தலைநகர் ஃப்ரீடவுன், உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. வரைபடத்தை வைத்து ஜோசியம் சொன்னால் சியரா லியோன்தான் ஜெயித்திருக்க வேண்டும். நடந்தது என்ன? 1991 முதல் 2002 வரை உள்நாட்டுப் போர். துப்பாக்கி வாங்கப் பணம் கொடுத்ததில் அந்த வைரமும் உண்டு.

இங்கே மண்ணுக்கும் ஒரு பங்கு இருக்கிறது, மறைக்க மாட்டேன். சியரா லியோனில் வைரம் ஆற்றுச் சரளையில் சிதறிக் கிடக்கிறது. மண்வெட்டியும் சல்லடையும் இருந்தால் யாரும் எடுக்கலாம், துப்பாக்கி வைத்திருப்பவன் அதைப் பிடுங்கலாம். போட்ஸ்வானாவில் அது பூமிக்குள் இறங்கும் பாறைக் குழாய்களில் இருக்கிறது. பெரிய இயந்திரமும் பெரிய முதலும் வேண்டும். வேலி போட்டுக் காவல் வைப்பதும் சுலபம்.

ஆனால் வேலிக்குள் இருப்பது யாருக்குச் சொந்தம் என்பதை மண்ணா முடிவு செய்தது? ஒராபா இருப்பது பமங்வாட்டோ இனத்தாரின் நிலப்பகுதியில். முதல் குடியரசுத் தலைவர் செரெட்சே காமா அந்த இனத்தின் அரச குடும்பத்தில் பிறந்தவர். புதையல் எங்கள் மக்களுக்கே என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவருடைய ஆட்சி, நிலத்தடிக் கனிமம் முழுவதும் நாட்டுக்கே சொந்தம் என்று 1967-இல் சட்டம் கொண்டுவந்தது. அப்புறம் டி பியர்ஸ் என்ற வைரக் கம்பெனியோடு பேசிப் பேசி, சுரங்க நிறுவனத்தில் அரசின் பங்கைப் பாதியாக உயர்த்தினார்கள். அந்தப் பணத்தில்தான் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் சாலையும் வந்தன. இன்றும் அங்கே வேலையின்மையும் ஏற்றத்தாழ்வும் கடுமையாக உண்டு. சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை.

1976-இல் தென்னாப்பிரிக்க ராண்டை விட்டுச் சொந்த நாணயம் அச்சடித்தார்கள். அதற்கு வைத்த பெயர் ‘புலா’. அவர்களுடைய செட்ஸ்வானா மொழியில் மழை என்று பொருள். தண்ணீர் இல்லாத நிலம் என்பது அவர்களுக்குத் தெரியாமலா இருந்தது? நோட்டிலேயே எழுதி வைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தார்கள்.

இப்போது வைரச் சந்தை சரிந்து, அந்த நாடு திணறுகிறது. 2024 அக்டோபரில் மக்கள், 58 ஆண்டுகள் ஆண்ட கட்சியை ஓட்டுப் போட்டே இறக்கினார்கள். வாக்கு எண்ணிக்கை முழுதாக முடிவதற்குள் குடியரசுத் தலைவர் தோல்வியை ஒப்புக்கொண்டு பதவியை விட்டுக்கொடுத்தார்.