விடையில் மைனஸ் வந்தால் அழிக்காதீர்கள்

கேள்வி: பொறியியல் முதலாண்டு படிக்கிறேன். ஓம் விதியும் கிர்க்காஃப் விதிகளும் நன்றாகத் தெரியும். சுற்றில் ஒரு பேட்டரி மட்டும் இருந்தால் கணக்கைப் போட்டுவிடுவேன். இரண்டு வந்துவிட்டால் மின்னோட்டம் எந்தப் பக்கம் ஓடும் என்றே புரிவதில்லை. குறி மாறிப்போய் விடை தவறாகிறது. நோடல் முறை (சந்திப்புகளின் மின்னழுத்தத்தைத் தெரியாததாக வைப்பது), மெஷ் முறை (மூடிய கண்ணிகளின் மின்னோட்டத்தைத் தெரியாததாக வைப்பது) இரண்டில் எதை எப்போது எடுப்பது என்பதும் குழப்பம். என்ன செய்யலாம்?

பதில்: மின்னோட்டம் எந்தப் பக்கம் ஓடும் என்பது கணக்கின் முடிவில்தான் தெரியும். அதை முதலிலேயே கண்டுபிடிக்கப் பார்ப்பதுதான் உங்கள் சிக்கல். தொடக்கத்தில் ஏதாவது ஒரு திசையில் அம்புக்குறி போடுங்கள், போதும். தவறான திசை என்று ஒன்று கிடையாது. உண்மையில் எதிர்ப்பக்கம் ஓடினால் விடை மைனஸில் வரும், அவ்வளவுதான். கெடுதல் எங்கே வருகிறது என்றால், பாதிக் கணக்கில் ‘இது இந்தப் பக்கம்தானே போகும்’ என்று தோன்றி அம்பைத் திருப்பும்போது. பழைய அம்புக்கு எழுதிய சமன்பாடு ஒன்று, புதிய அம்புக்கு எழுதியது இன்னொன்று என்று கலந்துவிட்டால் எத்தனை முறை தீர்த்தாலும் சரியான விடை வராது.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். மேலே ஒரு நோட் (node, கிளைகள் சந்திக்கும் இடம்), கீழே ஒரு நோட். இரண்டுக்கும் நடுவே மூன்று கிளைகள். இடது கிளையில் 20 வோல்ட் பேட்டரியும் 2 ஓம் மின்தடையும் தொடராக உள்ளன. நடுக் கிளையில் 4 ஓம் மட்டும். வலது கிளையில் 8 வோல்ட் பேட்டரியும் 4 ஓமும் தொடராக. இரண்டு பேட்டரிகளுக்கும் பிளஸ் முனை மேல்பக்கம்.

கீழ் நோடைக் கிரவுண்டு என்று வைத்து 0 வோல்ட் எழுதுங்கள். மேல் நோடின் மின்னழுத்தம் ‘வி’. இப்போது ஒரே ஒரு பழக்கம்: நோடிலிருந்து எல்லா ஓட்டமும் வெளியே போவதாகவே வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் வெளியே போனால் உள்ளே எது வரும் என்று கேட்காதீர்கள், அதை மைனஸ் குறி பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு கிளையிலும் ‘என் நோடு கழித்தல் மின்தடையின் எதிர்முனை, வகுத்தல் மின்தடை’ என்று எழுதி, கிர்க்காஃப் விதிப்படி கூட்டுத்தொகையைப் பூஜ்யம் என்று வைக்க வேண்டியதுதான் (பேட்டரி உள்ள கிளையில் எதிர்முனை என்பது பேட்டரியின் பிளஸ் முனை, அதாவது 20 அல்லது 8 வோல்ட்):

(வி − 20)/2 + வி/4 + (வி − 8)/4 = 0

4 ஆல் பெருக்கினால் 4வி = 48. அதாவது வி = 12 வோல்ட். இதைத் திரும்பப் போட்டால் இடது கிளையில் −4 ஆம்பியர், நடுவில் 3, வலதில் 1. கூட்டினால் பூஜ்யம்.

−4 என்பதற்கு 20 வோல்ட் பேட்டரி 4 ஆம்பியரை நோடுக்குள் அனுப்புகிறது என்று பொருள். வலது கிளையில் விடை பிளஸ். அப்படியென்றால் 1 ஆம்பியர் 8 வோல்ட் பேட்டரியின் பிளஸ் முனைக்குள் நுழைகிறது. பேட்டரி மின்சாரம் கொடுக்காமல் வாங்குகிறது! பல மாணவர்கள் இங்கேதான் பயந்து அழித்துவிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, சார்ஜ் ஏறும் பேட்டரியில் நடப்பதும் இதுதான்.

சந்தேகமாக இருந்தால் திறனைக் கூட்டிப் பாருங்கள். கொடுப்பது 20 × 4 = 80 வாட். மின்தடைகள் எடுப்பது (ஓட்டம் × ஓட்டம் × மின்தடை) 32, 36, 4 என மொத்தம் 72 வாட். 8 வோல்ட் பேட்டரி எடுப்பது 8 வாட். 80-க்கு 80 சரியாகிவிட்டது. நோடில் ஓட்டங்களைக் கூட்டிப் பார்ப்பது நல்ல சோதனை இல்லை. நீங்கள் எழுதிய சமன்பாடே அதுதான், தவறாக எழுதியிருந்தாலும் பூஜ்யம் வந்துவிடும். திறன் கணக்கு அப்படி ஏமாறாது.

நோடலா மெஷ்ஷா என்பது ருசியைப் பொறுத்ததல்ல, தெரியாத எண்களை எண்ணிப் பார்த்து முடிவு செய்வது. மேலே உள்ள சுற்றில் நோடலுக்குத் தெரியாதது ஒன்று. மெஷ் என்றால் இரண்டு கண்ணி, இரண்டு சமன்பாடு. ஆகவே நோடல். சமமாக வந்தால் நான் நோடலைத்தான் எடுப்பேன். மெஷ் முறை கம்பிகள் குறுக்கே வெட்டாமல் வரையக்கூடிய சுற்றுகளுக்கு மட்டுமே செல்லும், நோடலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

இன்னொன்று, படத்தின் வடிவத்தை நம்பாதீர்கள். பக்கத்துப் பக்கத்தில் வரைந்த இரண்டு மின்தடைகள் இணை என்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் இரு முனைகளும் அதே இரு நோடுகளில் சேர்ந்தால்தான் இணை. ஒரே ஓட்டம் வேறெங்கும் பிரியாமல் இரண்டிலும் ஓடினால்தான் தொடர். நம் சுற்றில் இருக்கும் இரண்டு 4 ஓம்களையும் இணை என்று எடுத்து 2 ஓம் ஆக்கினால் கணக்கு அங்கேயே முடிந்தது. வலது கிளையின் 4 ஓமுக்கும் கீழ் நோடுக்கும் இடையில் 8 வோல்ட் பேட்டரி உட்கார்ந்திருக்கிறதே. ஒவ்வொரு நோடையும் வேறு வேறு நிறத்தில் தீட்டிப் பார்த்தால் இந்த ஏமாற்றம் போய்விடும்.

அலகுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கிலோ ஓம் எடுத்தால் ஓட்டம் மில்லி ஆம்பியரில் வரும், இடையில் ஓமைக் கலக்காமல் இருந்தால் சரி.

கையில் போட்ட பிறகு மென்பொருளில் சரிபார்க்கலாம், அதற்கு முன்னால் வேண்டாம். ஸ்பைஸ் (SPICE) வகைச் சுற்று மென்பொருள் மின்னழுத்த மூலத்தின் ஓட்டத்தை அதன் பிளஸ் முனைக்குள் நுழைவதாகக் கணக்கிடும். அதனால் 80 வாட் கொடுக்கும் 20 வோல்ட் பேட்டரிக்கு −4 என்றும், வாங்கிக்கொள்ளும் 8 வோல்ட் பேட்டரிக்கு +1 என்றும் காட்டும். உங்கள் அம்பு எதிர்த் திசையில் இருந்தால் தாளில் குறி வேறாக இருக்கும், மென்பொருளைப் பார்த்துவிட்டு அதை மாற்றிவிடாதீர்கள்.